வீட்டுத் தோட்டம்: அடிமரத்தில் காய்க்கும் கறுப்புப் பழம்



கொஞ்சக் காலமாக ஒரே கேள்வி பல வீடுகளிலிருந்து வருகிறது. "அடிமரம் முழுக்கக் கறுப்புத் திராட்சையை அப்பி வைத்த மாதிரி ஒரு மரம் காய்த்திருப்பதைக் கைப்பேசியில் பார்த்தோம். அந்தக் கன்று இப்போது விற்பனைக்கு வருகிறதாம். நம் வளவில் வருமா? வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லாரும் நமது துறைமுகப் பக்கத்துச் சகோதரிகள்தான். ஜமாலியா, வெள்ளைமணல், கிண்ணியா, மூதூர், தோப்பூர், நிலாவெளி என்று எல்லா ஊரிலும் இந்த ஆசை பிடித்திருக்கிறது.

ஆசைப்படுவதில் தவறில்லை. நானும் ஆசைப்பட்டவள்தான். ஆசைப்பட்டு ஒரு கன்றை வாங்கி, ஆறே மாதத்தில் சாகடித்தவள்! ஆகையால் இந்த மாதம் அந்த மரத்தைப் பற்றியே பேசுவோம். என் கைக்காசு போன கதையையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் காசாவது மிஞ்சட்டும்.

அது என்ன மரம்?

அதன் பெயர் ஜபோட்டிகாபா. சொந்த ஊர் தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டின் தென்கிழக்குப் பகுதி. அங்கே மினாஸ் ஜெராய்ஸ், சாவோ பாவ்லோ மாநிலங்களில் நம் ஊரில் கொய்யா நிற்பது போல வீட்டுக்கு வீடு நிற்கும். மினாஸ் ஜெராய்ஸில் சபாரா என்றொரு பழைய ஊர் இருக்கிறது. இந்தப் பழத்துக்கென்றே அங்கே ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். அந்த ஊரின் பெயரையே ஒரு வகைக்கும் வைத்திருக்கிறார்கள்.

அடிமரத்தில் காய்ப்பது நமக்கொன்றும் புதுமையல்ல. பலா அப்படித்தான் காய்க்கிறது. அத்தியும் அப்படியே. ஆனால் ஜபோட்டிகாபாவில் வெள்ளைப் பூக்கள் மரப்பட்டையிலிருந்தே வெடித்து வந்து, தண்டும் கிளையும் தெரியாதபடி மூடிவிடும். பூத்து ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் பழம் பழுத்துவிடும். பழம் பெரிய திராட்சை அளவு. தோல் தடிப்பு, கருநீலம், கொஞ்சம் துவர்ப்பு. உள்ளே வெள்ளைச் சதை, நல்ல இனிப்பு. ஒன்று முதல் நான்கு வரை விதை இருக்கும்.

இந்த மரத்தின் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? கொய்யா, ஜம்பு, நாவல், கறிக்குப் போடும் கராம்பு, எல்லாம் ஒரே குடும்பம்! கொய்யாவைப் போலவே இதன் பட்டையும் மெல்லிசாக உரியும். இலைகள் சிறியவை, எதிரெதிராக இருக்கும். புதுக் குருத்து இளஞ்சிவப்பாக வரும். கன்று வாங்கும்போது இந்த அடையாளங்களைப் பாருங்கள். இவை இல்லாத கன்றை யாராவது இந்தப் பெயரில் தந்தால் வாங்காதீர்கள்.

பிரேசில் மரம் என்றதும் தூரத்து மரம் என்று எண்ணிவிட வேண்டாம். நாம் அவித்துச் சம்பலோடு தின்கிற மரவள்ளி, வட்டிலப்பத்தில் போடுகிற கஜு, அன்னாசி, எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை கட்டிய 17ஆம் நூற்றாண்டில் இவையும் அவர்களுடைய கப்பல் வழிகளில் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தன. பின்னர் 1876இல் பிரேசில் காட்டிலிருந்து எடுத்த இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, 1,919 கன்றுகளைக் கப்பலில் இலங்கைக்கு அனுப்பினார்கள். அவற்றைக் கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டார்கள். அந்தத் தோட்டத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. கஜு நம் கிழக்கு மண்ணில் தானாக நிற்கிறது. இறப்பரோ மழை நிறைந்த தென்மேற்குப் பக்கத்தை விட்டு இங்கே வரவில்லை. இரண்டும் பிரேசில்தான். ஒன்றுக்கு நம் மண்ணும் வெயிலும் ஒத்தது, மற்றதற்கு ஒக்கவில்லை. ஜபோட்டிகாபா எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

என் முதல் கன்று ஏன் செத்தது?

கண்டிப் பக்கம் ஓர் உறவினர் வீட்டில்தான் முதன்முதலில் இந்தப் பழத்தைத் தின்றேன். மரம் என் தலைக்கு மேல் கொஞ்சம் உயரம். பிள்ளைகள் மரத்திலிருந்து நேரே பிடுங்கித் தோலைக் கடித்துச் சதையை உறிஞ்சினார்கள். ஊருக்கு வந்ததும் எனக்கும் ஒன்று வேண்டும் என்று அலைந்தேன். ஒரு வியாபாரி, "ஒட்டுக் கன்று, இரண்டு வருடத்தில் காய்க்கும்" என்று சொல்லி மூவாயிரம் ரூபாவுக்குத் தந்தார். கிணற்றடியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லையே என்று அங்கேயே குழி தோண்டி நட்டேன்.

மாசி மாதம் வரை கன்று நன்றாக இருந்தது. பங்குனியில் இலையின் ஓரம் கருகத் தொடங்கியது. வெயில்தான் காரணம் என்று எண்ணி இன்னும் இரண்டு வாளி ஊற்றினேன். கருகல் கூடியது. புது இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சத்துப் போதவில்லை என்று அடுப்புச் சாம்பல் போட்டேன், முட்டைக்கோது போட்டேன். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய வைகாசியில் கன்று விறகாகிவிட்டது.

நான் செய்த ஒவ்வொன்றும் பிழை. ஒன்றொன்றாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதற் பிழை தண்ணீர். எங்கள் கிணறு மாரியில் நல்ல தண்ணீர். மழை விட்டு இரண்டு மாதம் போனால் சவர் ஏறிவிடும். நம் கரையோரத்தில் பல கிணறுகளின் கதை இதுதான். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது கரையோரக் கிணறுகள் எப்படி உப்பாகிப் போயின என்பது உங்களுக்கு மறந்திருக்காது. அந்த உப்பு மழையால் கழுவுப்பட்டாலும், கடலுக்குக் கிட்ட உள்ள கிணற்றில் கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் சவர் மேலே வருவது இயல்பு. ஜபோட்டிகாபாவுக்கு உப்பு ஆகவே ஆகாது. நான் கூடக் கூட ஊற்றியது தண்ணீரையல்ல, உப்பை!

இரண்டாவது பிழை மண். இந்த மரத்துக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். கண்டி மலைப்பக்கம் தேயிலை வளர்கிறதே, அது அப்படிப்பட்ட மண். நம் கரையோர மணலில் சிப்பியும் சங்கும் முருகைக்கல் துகளும் கலந்திருக்கும். அது சுண்ணாம்பு. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் இந்த மரத்தின் வேரால் அதை எடுக்க முடியாது. அதனால்தான் நரம்பு பச்சையாக நிற்க இலை மட்டும் மஞ்சளாகிறது. நானோ சாம்பலும் முட்டைக்கோதும் போட்டேன். இரண்டும் சுண்ணாம்புத் தன்மையைக் கூட்டுபவை. நோயாளிக்கு அவளுக்கு ஆகாத சாப்பாட்டையே ஊட்டிய கதைதான்.

மூன்றாவது பிழை காற்று. இதன் வேர் ஆழம் போகாது. மேல் மண்ணிலேயே மயிர் போலப் பரவும். மேல் மண் காய்ந்தால் மரம் காயும். கச்சான் காற்று ஆனி, ஆடி மாதங்களில் நம் மண்ணை அரை நாளில் உலர்த்திவிடும். நான் மூடாக்கும் போடவில்லை, மறைப்பும் கட்டவில்லை.

நான்காவது பிழை, வியாபாரி சொன்னதை நம்பியது. செத்த கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட தழும்பே இல்லை. அது விதைக் கன்று. விதையிலிருந்து வரும் கறுப்பு ஜபோட்டிகாபா காய்க்க எட்டு வருடம் முதல் பதினைந்து வருடம் வரை செல்லும். ஒட்டுக் கன்றோ பதியக் கன்றோ அதைவிட முந்திக் காய்க்கும். சிவப்பு வகை என்று ஒரு கலப்பினம் இருக்கிறது, அது மூன்று முதல் ஐந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கும். ஆகவே கன்று வாங்கும்போது, "எந்த வகை? விதையா, ஒட்டா, பதியமா?" என்று கேளுங்கள். ஒட்டு என்றால் தண்டின் அடியில் இணைத்த தழும்பைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் விதைக் கன்றின் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

நடுவதற்கு முன் இரண்டு சோதனை

காசு கொடுப்பதற்கு முன் குசினியிலேயே இரண்டு சோதனை செய்து பாருங்கள்.

ஒன்று, வளவு மண்ணில் ஒரு பிடி எடுத்துக் காயவைத்து ஒரு கோப்பையில் போடுங்கள். அதன் மேல் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி ஊற்றுங்கள். சுர்ரென்று நுரைத்தால் அது சுண்ணாம்பு மண். அந்த மண்ணில் இந்த மரத்தை நேரே நடாதீர்கள்.

இரண்டு, கோடைக்கால நடுவில் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். நாக்கில் கரித்தால், சவர்க்காரம் நுரைக்க மறுத்தால், அந்தத் தண்ணீர் இந்த மரத்துக்கு ஆகாது. மாரியில் சோதித்துவிட்டு நல்ல தண்ணீர் என்று முடிவு செய்யாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

இரண்டு சோதனையிலும் உங்கள் வளவு தேறினால் நீங்கள் கொடுத்து வைத்தவர். கந்தளாய்ப் பக்கம், கடலை விட்டு உள்ளே இருக்கும் சகோதரிகளுக்கு அந்த வாய்ப்பு உண்டு. எங்களைப் போலக் கரையில் இருப்பவர்களுக்கு ஒரே வழி, பரல்.

பரலில் வளர்ப்பது எப்படி?

என் இரண்டாவது கன்று ஒரு பரலில்தான் நிற்கிறது. ஆறு வருடமாகிறது. நான் செய்த முறையைச் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் பரல் ஒன்றைப் பாதியாக வெட்டி, அடியில் பெருவிரல் போகுமளவு ஏழெட்டு ஓட்டை போடுங்கள். சீமெந்துத் தொட்டி வேண்டாம். அதிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். கன்று சிறிதாக இருந்தால் முதல் இரண்டு வருடம் ஒரு வாளியில் வைத்துப் பிறகு மாற்றுங்கள். சின்னக் கன்றைப் பெரிய பரலில் வைத்தால் அடிமண் ஈரம் காயாமல் வேர் அழுகும்.

மண் கலவைக்கு, சிப்பி இல்லாத ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக உக்கிய இலைக் குப்பை ஒரு பங்கு, பழைய மாட்டெரு அரைப் பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளை மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். மட்டைகளைச் சவர்நீரில் ஊறப்போட்டுத் தும்பு எடுத்திருந்தால் தூளிலும் உப்பு இருக்கும். கலந்த மண்ணிலும் வினாகிரிச் சோதனை செய்யுங்கள்.

மேலே வைக்கோலோ பொச்சுமட்டைத் துண்டுகளோ நான்கு விரல் தடிப்புக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டில் முட்டாமல் ஒரு சாண் விட்டுப் போட வேண்டும். களை பிடுங்குகிறேன் என்று கொத்தாதீர்கள், வேர் மேலேயே இருக்கிறது.

பரலை வைக்கும் இடம், காலை வெயில் படவும் பின்னேர வெயிலும் கச்சானும் நேரே அடிக்காமலும் இருக்க வேண்டும். வீட்டின் கிழக்குப் பக்கம் நல்லது. வசதியில்லையென்றால் தென்மேற்குப் பக்கமாக இரண்டு கிடுகைக் கட்டி மறையுங்கள்.

தண்ணீருக்கு என்ன செய்வது? நமக்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடை மழை கொட்டுகிறது. அதைக் கடலுக்கு அனுப்பிவிட்டு எட்டு மாதம் ஏங்கி நிற்கிறோம். பத்தடிக்குப் பத்தடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லீற்றர் தண்ணீர் விழும். நமது கார்த்திகை மழைக்கு அது சில நாள் வேலை. 200 லீற்றர்ப் பரல் இரண்டை நிரப்பி வைத்தால், ஒரு நாளைக்கு 2 லீற்றர் வீதம் ஒரு சிறு மரத்துக்கு 200 நாள் வரும். மீதி நாளைக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஓர் இரவு வைத்து ஊற்றலாம். வுழூச் செய்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் இரண்டும் நல்லது. கிணறு சவராக இருந்தால் மட்டும் அந்த வுழூத் தண்ணீரும் வேண்டாம். மீனும் உப்பும் போட்டுக் கழுவிய தண்ணீரைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

எப்போது ஊற்றுவது? விரலை ஒரு கணு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் விடுங்கள். தெரியாவிட்டால் ஊற்றுங்கள். கச்சான் மாதங்களில் காலையும் மாலையும் பார்க்க வேண்டிவரும்.

உரத்துக்கு மூன்று மாதத்துக்கொரு முறை இரண்டு கைப்பிடி உக்கிய மாட்டெரு போதும். இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால், ஆணியைத் துருப்பிடிக்க வைத்து மண்ணில் குத்தும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் அந்தத் துரு வேருக்குப் போய்ச் சேராது. விவசாயக் கடைகளில் 'கீலேற்' செய்த இரும்புச் சத்து என்று கேட்டு வாங்கி, பொதியில் எழுதியுள்ள அளவுக்கு ஊற்றுங்கள். மண்ணை மாற்றாமல் மருந்தை மட்டும் ஊற்றினால் மஞ்சள் திரும்பவும் வரும்.

ஒரு விடயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மழைத் தண்ணீர்ப் பரலின் வாயை நுளம்பு போகாத வலைத்துணியால் இறுக்கிக் கட்டுங்கள். பூச்சாடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வைத்தால் வாரத்துக்கு இரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவி எத்தனை வீடுகளில் அழுகை கேட்டது என்று நமக்குத் தெரியும். அந்த நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு மரத்துக்காகச் சேர்த்த தண்ணீர் ஒரு பிள்ளையின் காய்ச்சலாகக் கூடாது. தண்ணீரை மூடிவைக்க நேரமில்லாத வீட்டில் இந்த மரம் வேண்டவே வேண்டாம்.

பழம் கிடைத்தால்

பறித்த பழம் மூன்று நான்கு நாளில் புளித்து நொதிக்கத் தொடங்கிவிடும். கடைகளில் இதைக் காணாததற்குக் காரணம் அதுதான். வீட்டு மரத்திலிருந்து தின்றால்தான் உண்டு. பிரேசிலில் மிஞ்சுவதில் மதுவும் செய்கிறார்கள். நமக்கு அது ஆகாது. மிஞ்சினால் அன்றைக்கே ஜெலி காய்ச்சிவிடுங்கள்.

பழத்தைக் கழுவிப் பிதுக்கி, தோலும் சதையுமாக மூழ்குமளவு தண்ணீர் விட்டு இருபது நிமிடம் அவியுங்கள். துணியில் வடித்து, ஒரு கோப்பைச் சாறுக்கு முக்கால் கோப்பைச் சீனியும் கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துக் காய்ச்சுங்கள். குளிர்ந்த பீங்கானில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளும்போது மேலே சுருக்கம் விழுந்தால் பதம். சுடுநீரில் அவித்துக் காயவைத்த போத்தலில் ஊற்றி மூடுங்கள். கொய்யாவுக்கும் இதே முறைதான்.

இந்தப் பழத்தின் தோல் சீனி வியாதியைக் குணமாக்கும் என்றெல்லாம் கன்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இது பழம், மருந்தல்ல. இனிப்பும் நிறைய உண்டு. சீனி வியாதி உள்ளவர்கள் அளவோடுதான் தின்ன வேண்டும்.

உம்மா கேட்ட கேள்வி

இனி உண்மையைச் சொல்கிறேன். என் பரல் மரம் ஆறு வருடமாகியும் இன்னும் காய்க்கவில்லை. இலை பளபளவென்று இருக்கிறது. இடுப்பளவு உயரம். அவ்வளவுதான்.

அதை நட்ட அன்று உம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. "பத்து வருஷத்துக்குப் பொறகு காய்க்கிற மரத்த எந்தத் தைரியத்துல நடுறாய் மகள்?" என்று கேட்டா. உம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 2006 ஆகஸ்டில் மூதூர் சனம் முழுவதும் கந்தளாய்க்கு நடந்தபோது அவவும் நடந்தவ. கையில் ஒரு பை, இடுப்பில் என் தம்பியின் பிள்ளை. அதற்கு முன்னும் ஒரு முறை வீட்டை விட்டு ஓடி வந்தவ. பத்து வருடத்தைக் கணக்குப் போடும் பழக்கம் அவவிடம் இல்லாமல் போனதில் ஆச்சரியமில்லை. நம் மாவட்டத்தில் எந்த இனத்து வீட்டுக்குப் போனாலும் இப்படி ஒரு தாய் இருப்பா.

எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. அவவே கொஞ்ச நேரத்துக்குப் பிறகு சொன்னா: "திரும்பி வந்தப்போ கூரையில பாதி இல்ல. கிணத்தடி ஜம்பு மட்டும் நின்டிச்சு. ஆருமே தண்ணி ஊத்தல்ல. பறவையெல்லாம் அதுலதான் கிடந்திச்சு."

அந்த ஜம்பு உம்மாவின் உம்மா வைத்தது. சவரையும் சுண்ணாம்பையும் தாங்கிப் பழகியது. மரம் நட்டு அதில் மனிதனோ பறவையோ மிருகமோ தின்றால் நட்டவருக்கு அது தருமமாக எழுதப்படும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அந்த மாதத்தில் ஆளில்லாத வளவில் அந்தத் தருமம் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

அதனால் சகோதரிகளே, என் முடிவு இதுதான். ஜபோட்டிகாபா வேண்டுமென்றால் வையுங்கள். ஆனால் பரலில் வையுங்கள். காத்திருக்கத் தெரிந்தால், மழைத் தண்ணீர் சேர்த்து மூடிவைக்க முடிந்தால், மூவாயிரம் ரூபா போனாலும் வீட்டுச் செலவு இடிக்காது என்றால் மட்டும் வையுங்கள். வளவில் ஒரு மரத்துக்குத்தான் இடமிருக்கிறது என்றால், அந்த இடத்தை இந்த விருந்தாளிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதை அதன் சொந்தக்காரர்களுக்குக் கொடுங்கள்.

அவசரக்காரர்களுக்குக் கொய்யா இருக்கிறது. இரண்டு, மூன்று வருடத்தில் காய்க்கும். ஓரளவு சவரையும் தாங்கும். கிணற்றடிக்கு ஜம்பு. பதியக் கன்று வைத்தால் அதுவும் அதிக நாள் காக்க வைக்காது. பெரிய வளவுக்கு நாவல். காய்க்க எட்டு, பத்து வருடம் செல்லும். ஆனால் தண்ணீர் தேங்கினாலும் நிற்கும், உவர் மண்ணிலும் நிற்கும். ஒரு முறை வேர் பிடித்தால் உங்கள் கையை எதிர்பார்க்காது. இந்த மூன்றுக்கும் கன்று தேடுபவர்கள் தங்கள் ஊர்க் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். முதல் மழை விழுகிற ஒக்டோபரில் நட்டால், வெயில் வருவதற்குள் வேர் இறங்கிவிடும்.

சென்ற மாரிக்கு உம்மா ஒரு வேலை செய்தா. என் பரலுக்குப் பக்கத்து வேலியோரமாக ஒரு நாவற் கன்றைத் தன் கையால் நட்டா. அவவுக்கு வயது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. "இது காய்க்க எத்தினை வருஷம் எண்டு தெரியுமா உம்மா?" என்று நான் கேட்டேன்.

"தெரியும். நீ அந்தப் பரலுக்குத் தண்ணி ஊத்தக்குள்ள இதுக்கும் ரெண்டு கோப்ப ஊத்து" என்றா.

ஊற்றிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வளவில் என்ன நட்டீர்கள், எது நின்றது, எது செத்தது என்று எழுதுங்கள். செத்த கதைகளைக் கட்டாயம் எழுதுங்கள், அவைதான் மற்றவர்களுக்கு அதிகம் உதவும். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் பேசுவோம்.